சோத்துவழி

பெரியவளே, சின்னவனே,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் ரெண்டு பேரும் டேப்லெட்டில் ஏதோ கோட்டைச் சண்டை ஆடிக்கொண்டிருந்தீர்கள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். சின்னவன் ஒரு பட்டனை அமுக்கிவிட்டு எழுந்து வந்தான். "ஆட்டோல போட்டுட்டேம்ப்பா, அதுவே சண்டை போட்டுக்கும்" என்றான். நீங்கள் இங்கே ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அங்கே உங்கள் படை தானாக வெட்டிக்கொண்டும் செத்துக்கொண்டும் இருந்தது. எனக்கு அப்புறம் சோறு இறங்கவில்லை. ஏன்ப்பா என்று பெரியவள் கேட்டாள். ஒண்ணுமில்லை என்றேன். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போனவன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்.

சிதம்பரத்தில் ஒரு லாத்தா இருந்தார். அவர்கள் வீட்டுப் பேச்சில் அக்காவை லாத்தா என்பார்கள். பள்ளிவாசலை ஒட்டிய சந்தில் மூணாவது வீடு. பூக்கார அம்மா முதல் சிலிண்டர் போடுகிறவர் வரை அந்தச் சந்தில் எல்லாருக்கும் அவர் லாத்தாதான். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் வீட்டுக்காரர் வளைகுடா நாட்டில் ஒரு கம்பெனியின் தொழிலாளர் கேம்பில் வேலையில் இருந்தார். லாத்தாவின் புருஷன் எனக்கு மச்சான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, முறை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பெயர் எழுதமாட்டேன். லாத்தாவுக்குத் தன் பெயர் எங்கேயும் வருவது பிடிக்காது. ஒரே மகளுடைய கல்யாணப் பத்திரிகையிலேயே தன் பெயரைச் சின்ன எழுத்தில் போடச் சொன்னவர்.

அப்போது கடலூரில் மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. கம்ப்யூட்டர் ரிப்பேர், ஜெராக்ஸ், லேமினேஷன். பெரியவள் அம்மா வயிற்றில் இருந்தாள். சிதம்பரத்தில் ரிப்பேர் பார்க்க ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் கூப்பிட்ட அன்றைக்கே வருகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை போனபோது லாத்தா ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கி வந்து மேஜையில் வைத்தார். உள்ளே மடித்து மடித்து வைத்த ஒரு பாலைவன வரைபடம். வரைபடம் முழுக்கத் தேனடை மாதிரி ஆறுமுனைக் கட்டங்கள். கூடவே நகம் அளவுக்கு அட்டைச் சில்லுகள், எண்ணூறுக்குக் குறையாது. டாங்கி, காலாட்படை, லாரி, பீரங்கி. ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில் நம்பர்கள். விதிப் புத்தகம் மட்டும் என் ஐ.டி.ஐ. புத்தகத்தைவிடத் தடிமன்.

"மச்சான் கேம்ப்ல ஒரு வெள்ளக்கார எஞ்சினியரு ஊருக்குப் போறப்ப குடுத்துட்டுப் போனாராம். லீவுல எடுத்தாந்தாரு. நோன்பு மாசம் அது. பகல் பூரா தொண்டையில தண்ணி படாம ஒக்காந்து, அட்டைக்கெல்லாம் சோறு அனுப்பிக்கிட்டு இருந்தோம் ரெண்டு பேரும்" என்று சொல்லிச் சிரித்தார்.

லீவு முடிந்தது. மச்சான் போய்விட்டார். ஆட்டம் பாதியில் நின்றது. அதே ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஆட ஒரு சாஃப்ட்வேர் இருப்பதாகக் கேம்பில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதே வரைபடம், அதே காய்கள். இவர் காய் நகர்த்தி ஃபைலை மெயிலில் அனுப்பினால், அங்கே அவர் திறந்து தன் காய்களை நகர்த்தி அனுப்புவார். அதைப் போட்டுக் கொடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

போட்டுக் கொடுத்தேன். கூடவே கொஞ்சம் கெத்தும் காட்டினேன்.

"எல்லாம் ஆட்டோ லாத்தா. பகடைய அதுவே உருட்டும். கணக்க அதுவே போடும். செத்த காய அதுவே எடுத்துடும். எந்தக் காய்க்கு சப்ளை போவலன்னு அதுவே பாத்து செவப்பாக் காட்டும். எதிராளி இல்லன்னா எதிராளிக்கும் அதுவே ஆடும்."

"அப்ப நான் எதுக்குத் தம்பி?"

லாத்தா மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக டிக்கை எடுக்கச் சொன்னார். கணக்கு, எடு. காயை எடுப்பது, எடு. பகடைக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்தார்.

"இது இருக்கட்டும். இது உருட்டுனா கட்டிலுக்கு அடியில போவாது."

சப்ளை செக் வந்தது. அந்த ஆட்டத்தில் அதுதான் கஷ்டமான வேலை. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காயிலிருந்தும் ஒரு டிப்போவுக்கு, அதாவது சோறும் டீசலும் வைத்திருக்கிற கிடங்குக்கு, வழி இருக்கிறதா, நடுவில் எதிரி மறிக்காமல் இருக்கிறானா என்று கட்டம் கட்டமாகப் பார்க்க வேண்டும். வழி இல்லாவிட்டால் முதல் முறை அந்தக் காயின் பலம் பாதியாகும். அடுத்த முறையும் இல்லாவிட்டால் காய் போச்சு. "அத மட்டும் கம்ப்யூட்டர்ட்ட வுட்டுடுங்க லாத்தா. நூத்துக்கணக்குல இருக்கு" என்றேன்.

"அத மொதல்ல எடு. அதப் பாக்கத்தானே ஒக்காந்திருக்கேன்."

சப்ளை என்ற வார்த்தை அவர் வாயில் வரவே வராது. சோத்துவழி என்பார். ஒரு துண்டுச் சீட்டில் பெரிதாக எழுதி மானிட்டருக்கு மேலே ஒட்டியும் வைத்திருந்தார். நாமெல்லாம் சோத்துக்கு வழி என்றால் வேலையைச் சொல்வோம். லாத்தாவுக்கு அது விரலால் இழுத்துப் பார்க்கிற கோடு. ஒவ்வொரு காய் மேலும் விரலை வைத்து, அங்கிருந்து மணல், பாதை, கிணறு என்று இழுத்துக்கொண்டே போய் டிப்போவில் நிறுத்துவார். உதடு ஏதோ முணுமுணுக்கும். அப்புறம் அடுத்த காய். தன் காய்களை முடித்துவிட்டு மச்சானுடைய காய்களுக்கும் பார்ப்பார்.

ஒருநாள் மானிட்டர் முழுக்க விரல் கோடாக இருக்கிறதே என்று ஸ்ப்ரே அடித்துப் பளபளவென்று துடைத்துவிட்டேன். உள்ளேயிருந்து டீயோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பாவி, என் ரோட்டயெல்லாம் அழிச்சிட்டியே!"

வியாழக்கிழமை சாயந்திரம் மச்சானுடைய ஃபைல் வரும். லாத்தா திங்கட்கிழமை பதில் அனுப்புவார். நடுவில் நாலு நாள் சோத்துவழிதான். இந்த வேகத்தில் அவர்கள் ஆடிய ஒரு ஆட்டம் மூணு வருஷம் ஓடியது. யார் ஜெயித்தது என்று கேட்டேன். "பாக்கல" என்றார்.

இந்தக் குணம் கம்ப்யூட்டரோடு நின்றிருந்தால் நான் எழுதியே இருக்கமாட்டேன்.

அவர் மகள் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். மண்டபத்தில் ஐந்நூறு பேர். பிரியாணி வாசனை வாசல் வரை வருகிறது. பெண்ணின் அம்மா எங்கே என்று எல்லாரும் தேடுகிறார்கள். அவர் மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்கிறார். "வேன் டிரைவரு மூணு பேரு. ரெண்டு பேரு சாப்ட்டாச்சி. ஒருத்தர் எங்க?" அந்த ஒருத்தர் வேனுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி, தட்டைக் கையில் கொடுத்து, அவர் முதல் வாய் வைக்கிற வரை நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தர் முகத்தைச் சுழித்து, "சம்பந்தியம்மாவுக்கு நம்மள விட டிரைவருதான் முக்கியம் போல" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்.

"நீங்க பசிச்சா கேப்பீங்க மாமி. அவுரு கேக்கமாட்டாரு" என்றார் லாத்தா.

இன்னொரு தடவை ஐப்பசி மழையில் அவர்கள் சந்தில் முழங்கால் தண்ணீர். நான் வீட்டில் இருந்தபடி போன் பண்ணினேன், கம்ப்யூட்டரைத் தரையிலிருந்து மேலே தூக்கி வைத்தாரா என்று கேட்க. "கம்ப்யூட்டரு கெடக்கட்டும். கடைசி வூட்டு வாத்தியாரு மாடியில தனியா இருக்காரு. முன்பக்கம் போவ முடியாது. பின்னாடி ஐயரு வூட்டு மொட்டை மாடியிலேருந்து ஏணி போட்டா போவலாம். அந்த ஐயரு நம்பரு உங்கிட்ட இருக்கா?" என்றார். இருந்தது. அவர் பிரிண்டரும் நான்தான் பார்ப்பேன். வாத்தியாருக்கு இட்லி ஏணி வழியாகப் போனது.

எரிச்சலும் வரும். நானும் ஒரு மாதம் அவரோடு ஆடிப் பார்த்தேன். மச்சான் ஸ்டோர் கணக்கெடுப்பு வேலையில் மாட்டிக்கொண்டு ஃபைல் அனுப்பாத நேரம் அது. நான் டாங்கிகளையெல்லாம் ஒரே பாய்ச்சலில் முன்னால் அனுப்பினேன். லாத்தா ரெண்டே முறையில் சுற்றி வளைத்துவிட்டார். என் டிப்போ எங்கேயோ, டாங்கி எங்கேயோ. அடுத்த முறை எல்லாம் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு காயை வேண்டுமென்றே பின்னால் நகர்த்தி ஒரு கட்டம் வழி விட்டார்.

"லாரிய கொண்டாந்து ஊட்டிட்டு வா. அப்பறம் சண்ட போடலாம்."

"இது சண்ட லாத்தா. பட்டினி போட்டாத்தான் ஜெயிக்க முடியும்."

"ஜெயிக்கறதுக்கா ஆடறேன்? மச்சான் ஆளுங்க எங்க எங்க நிக்கிறாங்கன்னு தெரிஞ்சிக்கத்தான் ஆடறேன். நீ சும்மா நடுவுல வந்தவன்."

அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. கிறுக்கு என்று நினைத்தேன். உங்கள் அம்மாவிடம் வந்து சொல்லிச் சிரித்தேன்கூட.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

ஒரு புதன்கிழமை மச்சான் என் நம்பருக்கு நேராகக் கூப்பிட்டார். அதற்கு முன்னால் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"தம்பி, ஒரு ஒதவி. இங்க ஆபீஸ பூட்டிட்டாங்க. கம்பெனில கொஞ்சம் பிரச்சன. கம்ப்யூட்டர தொட முடியாது. நாளைக்கு ஃபைல் போவலன்னா அவ கண்டுபுடிச்சிருவா. என் மெயில் பாஸ்வேர்டு தர்றேன். நீ அந்த ஆட்டோவ போட்டு என் பக்கத்துக்கு ஆட வுட்டு அனுப்பிடு. சீக்கிரம் செரியாயிடும். அவட்ட மட்டும் சொல்லிராத."

"அதுக்கென்ன மச்சான், பண்ணிடறேன்" என்றேன். ஒரு பட்டன்தானே. கடையில் ஜெராக்ஸுக்கு ஆள் நின்றுகொண்டிருந்தார். போனை வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஆட்டோ பட்டனை அமுக்கினேன். மச்சானுடைய காய்கள் சரசரவென்று தானாக நகர்ந்தன. பார்க்கக்கூட இல்லை. சேவ் பண்ணி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். அடுத்த வியாழனும் அப்படியே.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் லாத்தா கூப்பிட்டார். "கம்ப்யூட்டர்ல எதோ கோளாறு. வந்து பாரு." குரலில் ஒன்றும் தெரியவில்லை.

போனேன். ஃபைலைத் திறந்து வைத்திருந்தார். டீ கொடுக்கவில்லை. அந்த வீட்டில் எனக்கு டீ கொடுக்காத நாள் அதுதான்.

வரைபடத்தின் தெற்கு ஓரத்தில், வெறும் மணலில், மச்சானுடைய காலாட்படை ஒன்று தனியாக நின்றது.

"இதுக்கு சோத்துவழி காட்டு."

விரலை வைத்தேன். மேலே இழுத்தேன். லாத்தாவின் காய் மறித்தது. மேற்கே இழுத்தேன். அங்கே லாரியே இல்லை. மச்சானுடைய லாரிகள் மூன்றும் எங்கேயோ வடக்கில் சும்மா நின்றன.

"இல்லியே லாத்தா. அவசரத்துல போட்டிருப்பாரு. இல்ல, சாஃப்ட்வேர்ல எதாவது..."

"போன வாரம் ஒண்ணு இப்புடி நின்னுச்சி. போன் பண்ணிக் கேட்டேன். அவசரத்துல போட்டேன்னுதான் அவரும் சொன்னாரு. செரி, மனுசன்தானன்னு வுட்டுட்டேன். இந்த வாரம் நாலு நிக்கிது." அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "இருவத்திரண்டு வருசமா கேம்ப் ஸ்டோரு பாக்கறவரு தம்பி அவுரு. ஆயிரம் பேருக்கு அரிசி அளந்து குடுத்தவரு. சண்டையில தோத்துப் போவாரு. எங்கிட்ட தோக்கறதுக்குன்னே சில நேரம் ஆடுவாரு. ஆனா ஒருத்தன மணல்ல கொண்டுபோயி சோறு இல்லாம நிக்க வைக்கமாட்டாரு. இத அவுரு போடல. யாரு போட்டது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சப்ளை செக்கை அன்றைக்கே நான்தான் டிக் எடுத்துவிட்டேனே. அது ஃபைலோடு சேர்ந்து போகிற செட்டிங். மனுஷன் ஆடினால் பரவாயில்லை, அவர் கண்ணால் பார்த்துக்கொள்வார். ஆட்டோவில் போட்டால், அந்தக் கம்ப்யூட்டருக்குச் சோறு என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது பாட்டுக்கு எல்லாரையும் எதிரியைப் பார்த்து நடக்க விட்டுவிட்டது.

"நான்தான் லாத்தா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஆபீஸ பூட்டிட்டாங்க. செரி. மெஸ்ஸு?"

"அது... கேக்கல லாத்தா."

"ஆபீஸ பூட்டுனவன் மெஸ்ஸத் தொறந்தா வச்சிருப்பான்?"

லாத்தா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். நாலைந்து முறை அடித்தது. சலாம் சொல்லிக்கொண்டார்கள்.

"ஏங்க, நேத்து என்ன சாப்ட்டீங்க?"

"நேத்தா... பிரியாணிதான். வெள்ளிக்கெழமைல்ல."

"நேத்து சனிக்கெழம."

அந்தப் பக்கம் காற்று இரைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"தம்பி எல்லாத்தயும் சொல்லிட்டான். அழுவாதீங்க. அழுவறதுக்கு அப்பறம் நேரம் இருக்கு. எத்தன பேரு இருக்கீங்க?"

"முப்பத்தெட்டு." மச்சானின் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை. "மொதலாளி போன எடுக்கல. சமையக்காரன் போயி பத்து நாளாச்சி. ஸ்டோர்ல இருந்தத நான்தான் அளந்து அளந்து குடுத்துட்டு இருந்தேன். முந்தா நேத்தோட முடிஞ்சிது. அத்தன பேரும் என் மூஞ்சியவே பாக்கறானுவ. ஸ்டோரு சாவி எங்கிட்ட இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல."

"தண்ணி?"

"இருக்கு. நாளைக்கு வரைக்கும் வரும்."

"கேம்ப்பு மெயின் ரோட்டுலேருந்து எவ்ளோ தூரம்? வாசக் கேட்டு எந்தப் பக்கம்? செக்யூரிட்டி யாரு, நம்ம ஆளா?"

அதற்கப்புறம் நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. லாத்தா ஆட்டப் பெட்டிக்குள்ளிருந்து பழைய வரைபடத்தை எடுத்துத் தரையில் திருப்பிப் போட்டார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. நடுவில் ஒரு பெட்டி வரைந்து கேம்ப் என்று எழுதினார். ஒரு கோடு போட்டு ரோடு என்று எழுதினார். அப்புறம் போன்.

பரங்கிப்பேட்டையில் ஒருத்தர், அவர் தம்பிக்கு அந்த நாட்டில் மளிகைக் கடை. கேம்புக்கு எழுபது கிலோமீட்டர். லால்பேட்டையில் ஒருத்தர், அவர் மருமகன் ரொட்டி வேன் ஓட்டுகிறார், ஆனால் காலையில் மட்டும்தான் வண்டி அவர் கையில். அப்புறம் ஐயர் வீட்டுக்குப் பின் தெருவில் ஒரு அம்மா, அவர் மகன் ஏசி மெக்கானிக், பிக்கப் வண்டி வைத்திருக்கிறான். அந்த அம்மாவிடம் லாத்தா பேசியதை மறக்கமாட்டேன்.

"உம் புள்ளைக்கு ராத்திரி டூட்டிதான? தூங்கறானா? எழுப்பு. என்னன்னு அப்பறம் சொல்றேன், மொதல்ல எழுப்பு."

நானும் சும்மா இல்லை. வரைபடத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு நம்பர்களை எழுதினேன், லொக்கேஷன் அனுப்பினேன். மளிகைக் கடையிலிருந்து பிக்கப்பில் அரிசி, பருப்பு, எண்ணெய், தண்ணீர் கேன். அது ஒரு கோடு. ரொட்டி வேன் காலையில், அது இன்னொரு கோடு. போதும் என்று நான் எழுந்தேன்.

"எங்க எழுந்த? பிக்கப் பஞ்சரானா?"

"அதான் ரொட்டி வேன் இருக்கே லாத்தா."

"அது காலையில. ராத்திரிக்கி?"

உட்கார்ந்தேன். மூன்றாவது கோடும் போட்டார். அது காரைக்கால்காரர் ஒருத்தர் வழியாகப் போனது. அது தேவைப்படவே இல்லை. ஆனால் அந்தக் கோடு இருந்தது.

சாயந்திரம் நாலரைக்கு மச்சானிடமிருந்து ஒரு போட்டோ வந்தது, பிக்கப்காரப் பையன் எடுத்தது. பிக்கப் வண்டியின் பின்பக்கம், மூட்டைகள், சுற்றிலும் ஆட்கள். லாத்தா போட்டோவைப் பெரிதாக்கி, ஒவ்வொரு முகமாக விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். உதடு முணுமுணுத்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

"முப்பத்தாறுதான் இருக்கு. ரெண்டு பேரு எங்க?" என்று உடனே போன் போட்டார். ரெண்டு பேர் காய்ச்சலில் ரூமில் படுத்திருந்தார்கள். "அவுங்களுக்கு மொதல்ல கஞ்சி" என்றார்.

அப்புறம்தான் போய் முகம் கழுவினார். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நான் மன்னிப்பு கேட்டேன்.

"பொய் சொன்னது பெரிசில்ல தம்பி. அவுரு சொல்லாதன்னாரு, நீ சொல்லல. அது பரவால்ல. கம்பெனில பிரச்சனன்னு ஒரு மனுசன் சொல்றாரு. பத்து நாளு. இந்தப் பத்து நாளும் நீ மூணு வேள சாப்ட்டிருப்பல்ல? ஒரு வேளயாச்சும் சாப்புடறப்ப அவுரு நெனப்பு வந்துச்சா?"

வரவில்லை. வந்தது என்று சொல்லியிருக்கலாம். வரவில்லை என்று சொன்னேன். லாத்தா தலையை ஆட்டிவிட்டு, டீ போட எழுந்து போனார்.

அந்த முப்பத்தெட்டு பேருக்கும் ரெண்டு மாதத்துக்கு மேல் அந்தக் கோடுகளில்தான் சாப்பாடு போனது. நடுவில் வேறு ஊர்க்காரர்கள் பலபேர் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் அதிகாரிகள் தலையிட்டு, பேப்பர் வேலை முடிந்து, ஒவ்வொருவராக ஊர் வந்தார்கள். மச்சான் வந்தது எல்லாருக்கும் கடைசியாக. சாவி கையில் இருக்கிறவன் முன்னால் போகக் கூடாது என்றாராம். அவரைக் கூட்டிவர ஸ்டேஷனுக்கு நானும் போயிருந்தேன். சட்டை தோளிலிருந்து தொங்கியது. லாத்தா கையிலிருந்த பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்துக் கொடுத்தார். பிளாட்பாரத்திலேயே நின்று சாப்பிட்டார் மனுஷன்.

அதற்கப்புறம் அவர் வெளிநாடு போகவில்லை. ரெண்டு பேரும் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஆடினார்கள். மெயில் வேண்டாம், ஃபைல் வேண்டாம். ஆகவே நானும் வேண்டாம். ஒரு வருஷம் கழித்து மகள் வீட்டோடு சென்னைக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நாள் போனில் பேசினோம். அப்புறம் என் போன் தொலைந்து, நம்பர் போய், சின்னவன் பிறந்து, கடை மாறி... சாக்குதான். தேடியிருந்தால் கிடைத்திருக்கும்.

உங்களுக்கு நான் புத்தி சொல்ல எழுதவில்லை. ஆட்டோவில் போடுங்கள், போடாதீர்கள், அது உங்கள் இஷ்டம். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒன்று மட்டும் லாத்தாவுக்கும் தெரியாது, உங்கள் அம்மாவிடமும் சொன்னதில்லை. அதை எழுதிவிட்டு முடிக்கிறேன்.

டீ குடித்து, அந்தக் கோடுகளை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டு ஏழு மணி வாக்கில் கடலூருக்குக் கிளம்பினேன். வெள்ளாற்றுப் பாலம் தாண்டி முட்லூரில், புவனகிரி ரோடு பிரிகிற இடத்தில், வண்டியை ஓரம் கட்டினேன். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. மச்சான் நம்பரைப் போட்டேன். எடுத்தார்.

"என்ன தம்பி, அவ எதாவது சொன்னாளா?"

"இல்ல மச்சான். அவுங்க ஒண்ணும் சொல்லல. நான்தான் கூப்புட்டேன். என்ன சாப்ட்டீங்க?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது, அத்தனை பேருக்கு வடிக்கிற பானை இல்லை, ரெண்டு தடவையாக வடித்தார்கள். பருப்பில் உப்பு ஜாஸ்தி. காய்ச்சல்காரப் பையன்கள் ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு டம்ளர் கஞ்சி குடித்தார்கள், ஒருத்தன் இன்னும் கொஞ்சம் கேட்டான். ஊறுகாய் பாட்டில் ஒன்றை யாரோ தானாக மூட்டைக்குள் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். எலுமிச்சை ஊறுகாய்.

இஞ்சினை அணைத்துவிட்டு, அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன்.